பஸ்ஸில் ஒரு முழு ஆல்பம்: நான் கேட்டவை இவை, அடுத்து எதைக் கேட்கலாம்?

பல்லடத்தான்:

எனக்கு இசை தெரியாது. ராகத்தின் பெயரைக் கேட்டால் முழிப்பேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை. அங்கே காலை முதல் ராத்திரி வரை ஸ்பீக்கரில் படப்பாட்டுதான். ஓவர்லாக் மிஷின் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்று சவுண்டைக் கூட்டிக் கூட்டி, எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே பாட்டாகத்தான் காதில் விழும். ஆக, எனக்கென்று கேட்கக் கிடைப்பது பல்லடம்–திருப்பூர் பஸ் நேரம் மட்டும். வீரபாண்டி பிரிவில் மாட்டிக்கொண்டால் முக்கால் மணி நேரம் ஆகும்.

பழைய ஆல்பங்கள் அந்த நேரத்துக்கு அளவாக இருக்கின்றன. எல்பி தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 20 நிமிடம்தான் பிடிக்கும் என்பதால் இரண்டு பக்கமும் சேர்த்து 40 சொச்சம். அதனால் ஒரு விதி வைத்துக்கொண்டேன்: முதலிலிருந்து கடைசி வரை, தாண்டாமல், ஷஃபிள் போடாமல் கேட்பது. பிடிக்காவிட்டாலும் நடுவில் நிறுத்துவதில்லை. அப்படிக் கேட்டதில் என் தீர்ப்புகள் கீழே. அடிக்க வருபவர்கள் மெதுவாக வாருங்கள்.

இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986). தியாகராஜருக்கும் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் என்பவருக்கும் அவர் காணிக்கையாக்கிய ஆல்பம். வயலின் வி.எஸ். நரசிம்மன். பாக்கின் வயலின் ஓடிக்கொண்டே இருக்க, அதைச் சுற்றி ராஜாவின் தந்திகள் கொடி மாதிரி ஏறும் இடம் எனக்கு உயிர். ஆனால் ஒரு தொல்லை. படப்பாட்டுக் கேட்டே வளர்ந்த காது, இடையிசை முடிந்ததும் சரணம் வரும் என்று காத்திருக்கிறது. எஸ்பிபி வரமாட்டார் என்று தெரிந்தும் ஒவ்வொரு முறையும் எதிர்பார்க்கிறேன். ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு வந்த 'நத்திங் பட் விண்ட்' (1988) அந்த ஏக்கத்தைக் கொஞ்சம் தீர்க்கிறது. குழல் குரலின் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. இரண்டில் ஒன்று என்றால் நான் இதைத்தான் எடுப்பேன்.

மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' (1982). ஒன்பது பாட்டு, அதில் ஏழு தனித்தனியாகவும் வெளிவந்து ஓடியவை. குறை சொல்ல வழியில்லை. ஆனால் இதை ஆல்பம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. எந்தப் பாட்டை எங்கே தூக்கிப் போட்டாலும் ஒன்றும் கெடாது. நல்ல படத்து கேசட், அவ்வளவுதான்.

பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' (1973) அதற்கு நேர் எதிர். பாட்டுக்குப் பாட்டு இடைவெளி கிட்டத்தட்ட இல்லை, ஷஃபிள் போட்டால் செத்தது. இதயத் துடிப்பில் ஆரம்பித்து இதயத் துடிப்பிலேயே முடிகிறது. 'டைம்' பாட்டின் தொடக்கத்தில் எல்லாக் கடிகாரமும் ஒன்றாக அடிக்கும்போது நான் துள்ளிய துள்ளலில் பக்கத்து சீட்டுப் பெரியவர் "ஏனுங் தம்பி, ஸ்டாப்பிங் வந்துருச்சுங்களா?" என்றார். கல்லாப்பெட்டி சத்தத்தோடு வரும் 'மனி' ஏழு தட்டில் போகிறது, தொடையில் தட்டிப் பாருங்கள். ஆனால் என்னைப் பிடித்து உலுக்கியது அதற்கு முந்தைய பாட்டு. கிளேர் டோரி என்ற பெண் வார்த்தையே இல்லாமல் கதறுகிறார். சாவைப் பற்றிய பாட்டு என்று பிறகுதான் படித்தேன். படிக்காமலே தெரிந்திருந்தது. எங்கள் அப்பாரு செத்த அன்று பெரியத்தை ஒப்பாரி வைத்தபோது, பாதிக்கு மேல் வார்த்தை தீர்ந்துபோய் வெறும் இழுவை மட்டும் வந்தது. அதே ஏற்றம், அதே இறங்கி அடங்குதல். லண்டன் ஸ்டூடியோவில் பாடியவருக்கு எங்கள் பெரியத்தையைத் தெரிய நியாயமில்லை.

மெட்டாலிகாவின் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' (1986). காது வலிக்கும் என்று பயமுறுத்தினார்கள். எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே தறிக்குடோன். பவர்லூம் சத்தத்தில் தூங்கிப் பழகியவனுக்கு இது ஒரு சத்தமா? தலைப்புப் பாட்டு எட்டரை நிமிடம். நடுவில் எல்லாம் அடங்கி கிட்டார் மட்டும் மெல்லப் பேசும் இடம், கரண்ட் போனதும் குடோனுக்குள் சட்டென்று விழும் அமைதிதான். பாடுபவர் என்ன சொல்கிறார் என்று இன்றுவரை புரியவில்லை, தேவையும் படவில்லை.

தமிழ் ராப்பில், மலேசியாவிலிருந்து யோகி பி அண்ட் நட்சத்ராவின் 'வல்லவன்' (2006) முழுசாக நிற்கிறது. நம்ம கோயமுத்தூர் ஆதியின் 'ஹிப் ஹாப் தமிழன்' (2012) காலேஜ் படிக்கும்போது வெறி. இப்போது பாதிதான் தேறுகிறது. ஊர்ப் பாசத்தில் அதற்கு மேல் சொல்லவில்லை.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது 'புவெனா விஸ்டா சோஷியல் கிளப்' (1997). கியூபாவில் மறந்துபோன பாட்டுக்காரர்களை 1996இல் ஹவானா ஸ்டூடியோவில் கூட்டி உட்காரவைத்துப் பதிந்தது. கொம்பாய் செகுண்டோவுக்கு அப்போது 88 வயது. இப்ராஹிம் ஃபெரர் பாடுவதை விட்டுவிட்டு ஷூ பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தவர். யாரும் யாரையும் முந்தவில்லை. இது ஒரு மணி நேரம் ஓடும், பஸ்ஸுக்குள் முடியாது. இறங்கிக் கம்பெனி வரை நடக்கும்போது மிச்சம்.

கடைசியாக மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ' (1959). ஜாஸ் என்றாலே எல்லோரும் இதைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். நான் அருள்புரம் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டேன். மறுபடி போட்டேன், மறுபடியும் தூக்கம். இதில் என்னதான் இருக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கூடவே, முக்கால் மணி நேரத்துக்குள் முடிகிற, ஒரே மூச்சாகப் போகிற ஆல்பம் இருந்தால் அதையும்.

உக்கடம் எல்பி:

தம்பி, 'கைண்ட் ஆஃப் புளூ'வைப் பஸ்ஸில் கேட்டால் தூக்கம்தான் வரும். முதல் பாட்டில் கேள்வி கேட்பதே பாஸ் என்ற அடிக்குரல் தந்தி வாத்தியம்தான். ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும் இரண்டே சுரத்தில் பதில் சொல்லும். அந்தக் கேள்வியை உங்கள் பஸ் எஞ்சின் தின்றுவிடுகிறது, பதில் மட்டும் காதில் விழுகிறது. பிறகு எப்படிப் புரியும்?

அதில் என்ன இருக்கிறது என்றால், அதற்கு முந்தைய ஜாஸில் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கொத்துகள்) நொடிக்கு நொடி மாறும், வாசிப்பவர் அவற்றைத் துரத்திக்கொண்டு ஓடுவார். இதில் ஒரு சுர வரிசையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் அங்கேயே நிற்கிறார்கள். கச்சேரியில் ஆலாபனை கேட்டவர்களுக்கு இது அந்நியமே இல்லை. நியூயார்க்கில் தேவாலயமாக இருந்து ஸ்டூடியோவான ஒரு கட்டடத்தில் இரண்டே நாளில் முடித்தார்கள். பெரிய ஒத்திகையும் கிடையாது. இன்னொரு கூத்து: முதல் நாள் டேப் மிஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியதால் தட்டின் முதல் பக்கம் உலகம் முச்சூடும் சுருதி தூக்கலாகவே விற்றது. 1992இல்தான் சரிசெய்தார்கள். என்னிடம் இருப்பது பழைய பிரதி. உக்கடத்தில் ஒரு பழைய சாமான் கடையில் கிரைண்டர் கல்லுக்கு அடியில் கிடந்தது. சுருதி கூடின அதுதான் எனக்குப் பழகிப்போச்சு, சரியானது காதுக்கு மந்தமாக இருக்கிறது.

ராத்திரி பத்து மணிக்கு மேல், இயர்போன் இல்லாமல், முதல் பாட்டை மட்டும் கேளுங்கள். அடுத்ததற்குச் சக்தி குழுவின் 'நேச்சுரல் எலிமெண்ட்ஸ்' (1977). மெக்லாக்லின் கிட்டார், எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, விக்கு விநாயக்ராம் கடம். தூக்கத்துக்கு நான் பொறுப்பு.

மஞ்சள் மண்டி அக்கா, ஈரோடு:

முழு ஆல்பம் கேட்பது ஏதோ புதுப் பழக்கம் மாதிரி பேசுகிறீர்களே. 1963இல் எம்.எஸ். அம்மாவும் ராதா விஸ்வநாதனும் பாடி எல்பியாக வந்த சுப்ரபாதத்தை மார்கழியில் கோயில் ஸ்பீக்கர் வழியாக ஊரே முதலிலிருந்து கடைசி வரை கேட்கிறது. தாண்டவும் முடியாது, ஷஃபிளும் கிடையாது. உங்கள் விதி அப்படியே பொருந்துகிறது பாருங்கள்.

அப்புறம், பெண் குரல் என்று நீங்கள் சொன்னது கதறுகிற ஒருத்தரை மட்டும்தான். ட்ரேசி சாப்மனின் முதல் ஆல்பம் (1988) கேளுங்கள், 36 நிமிடம்தான், வீரபாண்டி பிரிவுக்கு முன்பே முடியும். 'பிஹைண்ட் தி வால்' என்ற பாட்டில் ஒரு வாத்தியம் கூட இல்லை. பக்கத்து வீட்டில் பெண் அடி வாங்கும் சத்தம் சுவர் வழியாகக் கேட்கிறது. போலீஸைக் கூப்பிட்டுப் பயனில்லை, வந்தாலும் நேரம் கழித்துத்தான் வருவார்கள் என்கிறார். லைன் வீட்டில் குடியிருந்தவர்கள் யாருக்கும் அதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை. அதே ஆல்பத்தில் எல்லோரும் கொண்டாடும் 'ஃபாஸ்ட் கார்' பாட்டை விட எனக்கு இதுதான்.

'த்ரில்லர்' படத்து கேசட் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். சண்டைக்கு நேரமில்லை, மண்டியில் ஏலம்.

ஜமாப் பையன், பொள்ளாச்சி:

அண்ணா, நோம்பியில் (கோயில் திருவிழாவில்) ஜமாப் மேளம் அடிக்கும்போது பத்தடி தள்ளி நின்றால் நெஞ்சுக்கூடு அதிரும். அதைப் போனில் பதிந்து வீட்டில் போட்டால் தகரம் தட்டுகிற மாதிரி வருகிறது. வள்ளி கும்மி ஆட்டமும் அப்படித்தான். அந்தக் கும்மிக்காக மேட்டுப்பாளையம் பத்திரப்பன் ஐயாவுக்கு 2024இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஆனால் நூறு பேர் ஒரே தட்டில் காலெடுத்து வைத்து ராத்திரி நெடுக ஆடுவதை எந்த ஆல்பத்தில் அடைப்பீர்கள்? நமக்கு ஆல்பம் சரிப்படாது என்பது என் கட்சி.

அந்த அதிர்வு கொஞ்சமாவது வேண்டும் என்றால் நைஜீரியாவின் ஃபேலா குட்டி, 'ஸாம்பி' (1976). தலைப்புப் பாட்டு மட்டும் 12 நிமிடம். சொன்னதைச் செய்கிற நடைபிணங்கள் என்று சிப்பாய்களைக் கிண்டல் அடித்துப் பாடினார். 1977இல் ராணுவம் அவர் வீட்டுக்குள் புகுந்து அடித்து, கொளுத்திவிட்டுப் போனது. தாளத்தை முதலில் கேளுங்க, கதையை அப்புறம் படிங்க.

பல்லடத்தான்:

மூன்று பேருக்கும் நன்றிங்க. உக்கடம் அண்ணா, நீங்கள் சொன்னபடி ராத்திரி கேட்டேன். அந்தக் கேள்வி பதில் இப்போது பிடிபடுகிறது, பியானோக்காரர் நடுவில் இடம் விட்டு விட்டு வாசிப்பதும் கேட்கிறது. மூன்றாவது பாட்டில் மறுபடியும் கண் சொக்கியது. அந்தப் பாட்டின் மீதும் கொஞ்சம் தப்பு இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். சக்தி தூங்கவிடவில்லை. கடமும் தபலாவும் பேசிக்கொள்ளும்போது கிட்டார்காரர் கொஞ்ச நேரம் சும்மா இருந்திருக்கலாம்.

அக்கா, அந்த வாத்தியமில்லாத பாட்டு முடிந்ததும் அடுத்ததைக் கேட்க மனசு வரவில்லை. என் விதியை உடைத்து நிறுத்தியது அது ஒன்றுதான்.

ஜமாப் தம்பி, 'ஸாம்பி'யைச் சனிக்கிழமை சம்பளம் போடுகிற நேரத்தில் கம்பெனி ஸ்பீக்கரிலேயே போட்டுவிட்டேன். நூல் வெட்டுகிற பிள்ளைகள் கத்தரிக்கோலால் டேபிளில் தாளம் போட்டார்கள். கட்டிங் மாஸ்டர் எட்டிப் பார்த்து, "இது எந்தப் படம்?" என்றார்.

உக்கடம் எல்பி:

என்ன சொன்னீர்கள்?

பல்லடத்தான்:

இன்னும் வரலைங்க, தீபாவளிக்குத்தான் ரிலீஸ் என்றேன். யார் மியூசிக் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.