புதுப்பிப்பு: ஐகிடோ, எட்டு மாதங்களுக்குப் பிறகு

"விழவே பயமாக இருக்கிறது, இதில் ஆன்மிகம் எங்கே?" என்று, ஜப்பானியத் தற்காப்புக் கலையான ஐகிடோவைப் பற்றி முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முன்பக்கமாக உருளும் உகெமி (அடிபடாமல் விழும் முறை) இப்போது வருகிறது. கையின் வெளிப்புறம், தோள், அப்புறம் முதுகின் குறுக்கே மறுபக்க இடுப்பு என்று உடல் வரிசையாகப் பாயைத் தொட வேண்டும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கழுத்தை விறைப்பாக வைத்திருந்தேன். மூச்சை விட்டபடி உருண்டதும் பாதி பயம் போய்விட்டது.

சரி, ஆன்மிகம். எனக்கு அது தென்கான் என்ற திரும்பும் அசைவில்தான் புரிந்தது. மணிக்கட்டைப் பிடித்தவரோடு மல்லுக்கட்டாமல் அவர் பக்கத்தில் திரும்பி நிற்கிறோம். அந்த நொடியில் அவர் பார்க்கும் திசையையே நானும் பார்க்கிறேன். முதன்முறை இதை உணர்ந்தபோது கண் கலங்கிவிட்டது. ஐகிடோவை உருவாக்கிய மொரிஹெய் உஎஷிபா (1883–1969), ஆசான் தாகேதா சோகாகுவிடம் 1915 முதல் கற்றது தைதோ ரியூ என்ற தற்காப்பு முறையின் கடுமையான பிடிகள். ஓமோதோ என்ற ஜப்பானியச் சமயத்தின் தாக்கம் அவற்றை எதிராளியையும் காக்கும் கலையாக மாற்றியது. அது வெறும் தத்துவம் இல்லை, கால் வைக்கும் இடத்திலேயே இருக்கிறது.

மண்டியிட்டுச் செய்யும் சுவாரி வாசா மட்டும் முழங்காலுக்கு இன்னும் ஒத்துவரவில்லை. இப்போதைக்கு நின்றே பழகுகிறேன்.