புதுப்பிப்பு: தபாலில் போன செம்பருத்திக் குச்சிகள்

வேர் விடாத செம்பருத்திக் குச்சிகளை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி அனுப்பியதில் எல்லாமே அழுகிவிட்டன என்று முன்பு புலம்பியிருந்தேன் அல்லவா? இம்முறை 10 குச்சிகள் அனுப்பினேன். 5ஆம் நாள் தோழி பிரித்தபோது 8 பச்சையாகவே இருந்தனவாம்.

தவறு ஈரத்தில்தான். காகிதத் துண்டை நனைத்து, இனிச் சொட்டாது என்னும்வரை பிழிந்து, வெட்டிய முனையில் மட்டும் சுற்றினேன். அதன்மேல் சிறு பிளாஸ்டிக் உறை, ரப்பர் வளையம். இலைகளில் துளி நீர் படவில்லை. பெரிய இலைகளைப் பாதியாக நறுக்கினேன், மனமில்லாமல்தான். பிறகு செய்தித்தாளில் சுருட்டி, அட்டைப்பெட்டிக்குள் ஆடாமல் வைத்தேன். திங்கட்கிழமையே அனுப்பியதால் விடுமுறை நாளில் எங்கும் தேங்கி வேகவில்லை.

கருகிய இரண்டும் மொட்டோடு போனவை. கிள்ள மறந்தது நான்தான்.