ஒரு லட்ச ரூபாய் இருக்கிறது, வாலிபர் ஊழியப் பயிற்சிக்கு யாரை அனுப்புவது?

தேரிமணல் (கேள்வி):

தூத்துக்குடி மாவட்டத்தில் தேரிக்காட்டை ஒட்டிய கிராமம் எங்களுடையது. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. வாலிபர் சங்கச் செயலாளர் பொறுப்பு ஏழு ஆண்டுகளாக என் தலையில்தான் இருக்கிறது. எனக்கு வயது 41. எங்கள் நிலைமையை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

பதிவேட்டில் 34 பேர் இருக்கிறார்கள். ஞாயிறு மாலைக் கூட்டத்துக்கு வருபவர்கள் 11 பேர். மற்றவர்கள் திருப்பூர், சென்னை, வளைகுடா என்று போய்விட்டார்கள். ஆலயத்தின் பொதுவிருந்தான அசனப் பண்டிகைக்கு வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சோறு பரிமாறிவிட்டு மறுநாளே பஸ் ஏறிவிடுவார்கள்.

கத்தாரில் இருக்கும் எங்கள் ஊர்க் குடும்பம் ஒன்று, வாலிபர் தலைவர்களைப் பயிற்றுவிக்க என்று ஒரு லட்ச ரூபாய் கொடுத்திருக்கிறது. ஒருவரை வெளிநாட்டுப் பயிற்சிக்கு அனுப்பலாம் என்கிறது கமிட்டி. இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவன் பொறியியல் படித்தவன், கிடார் வாசிப்பான், ஆங்கிலம் சரளமாகப் பேசுவான். கமிட்டிக்கு அவன் மேல்தான் கண். இன்னொருத்தி திருச்செந்தூரில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறாள். ஆறு ஆண்டுகளாக ஞாயிறு பள்ளி நடத்துகிறாள். ஆங்கிலம் என்றால் வாய் ஒட்டிக்கொள்ளும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு தம்பியை ஒரு பெருநகரத்துக்குப் பத்து நாள் பயிற்சிக்கு அனுப்பினோம். தடிமனான கோப்பு ஒன்றோடு வந்தான், இரண்டு வாரம் திரை கட்டிப் படம் காட்டினான், ஆறாம் மாதம் துபாய்க்குப் போய்விட்டான். கோப்பு ஆலய அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. இந்தப் பணமும் அப்படிப் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மழைக்காலப் பயணி:

அண்ணா, ஆசியத் திருச்சபைகளின் கூட்டமைப்பான ஆசிய கிறிஸ்தவ மாநாட்டின் ஒரு மாதப் பயிற்சிக்காக நான் தாய்லாந்தின் சியாங் மாய் போய் வந்தவன். அந்த அமைப்பின் வேர் 1957இல் இந்தோனேசியாவில் தோபா ஏரிக்கரையில் உள்ள பிராபத்தில் கூடிய மாநாட்டில் இருக்கிறது. அதன் முதல் பொதுச் செயலாளர் யாழ்ப்பாணத்து மெதடிஸ்ட் போதகர் டி.டி. நைல்ஸ். இதையே நான் அங்கே போய்த்தான் தெரிந்துகொண்டேன் என்பது வெட்கம்தான்.

வகுப்புகளை விட அறைத் தோழர்களிடம் கற்றதுதான் அதிகம். என் அறையில் மியான்மரிலிருந்து வந்த ஒருவர் இருந்தார். அவர் ஊர் வாலிபர் கூட்டம் பாதி அகதி முகாமிலும் பாதி மலேசியாவிலும் இருப்பதாகச் சொன்னார். நம் பிள்ளைகள் திருப்பூரில் இருப்பதைப் பற்றிப் புலம்பிய என் வாய் அதோடு மூடிக்கொண்டது. கைப்பேசியில் வாரம் ஒருமுறை அவர்களைக் கூட்டி எப்படி வேதம் படிக்கிறார் என்று அவர் காட்டியதை இன்றும் எங்கள் சபையில் செய்கிறோம்.

ஆங்கிலத்துக்காக அந்தத் தங்கையை ஒதுக்காதீர்கள். கொரியர்களும் இந்தோனேசியர்களும் எங்களைப் போலவே தடுமாறித்தான் பேசினார்கள். சரளமாகப் பேசியவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள், அவ்வளவுதான்.

ஓய்வுபெற்ற காசாளர்:

வங்கி வேலையில் ஐஸாலில் நான்கு ஆண்டுகள் இருந்தேன். மிசோரமில் பிரஸ்பிட்டேரியன் சபையின் வாலிபர் அமைப்பை கே.டி.பி. என்பார்கள். 1933இல் தொடங்கியது. யாரும் யாரையும் எங்கும் அனுப்பிப் பயிற்றுவித்து நான் பார்க்கவில்லை. கிளையின் பொறுப்பாளர்களை வாலிபர்களே தேர்ந்தெடுக்கிறார்கள், கூட்டத்தை அவர்களே நடத்துகிறார்கள். என்னிடம் கணக்கு வைத்திருந்த ஒரு பையன், பத்தொன்பது வயது இருக்கும், தன் கிளையின் பொருளாளர். ஐந்து ரூபாய் இடிக்கிறது என்று கவுன்டரில் ஒரு மணி நேரம் நின்றான்.

அவர்கள் வீட்டுப் பெண்கள் 1910 முதல் ஒவ்வொரு வேளை உலை வைக்கும்போதும் ஒரு கைப்பிடி அரிசியை ஊழியத்துக்கென்று எடுத்து வைக்கிறார்கள். பிள்ளைகள் அதைப் பார்த்து வளர்கிறார்கள்.

தம்பி, கோபித்துக்கொள்ள வேண்டாம். 41 வயதில் நீங்கள் ஏன் இன்னும் செயலாளர்? லட்ச ரூபாயை விடுங்கள். உங்கள் சங்கத்தின் கணக்கு நோட்டு யார் வீட்டில் இருக்கிறது?

பாளை அக்கா:

காசாளர் ஐயா சொல்வது சரிதான், ஆனால் வெளியே போய்ப் பார்ப்பதற்கும் ஒரு பலன் உண்டு. உங்கள் பக்கத்து வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த அசரியா, பின்னாளில் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயர் ஆனவர், அப்போது ஒய்.எம்.சி.ஏ. செயலாளராகத் திரிந்த வாலிபர். 1902இல் யாழ்ப்பாணம் போனார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் மிஷனெரிகளை அனுப்புவதைப் பார்த்தார். அடுத்த ஆண்டே திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. ஊரில் கூடிச் செய்ய நண்பர்கள் இருந்ததால்தான் அது நடந்தது. தனியாகத் திரும்பி வருகிறவனுக்குக் கோப்புதான் மிச்சம்.

அதனால் இருவரையும் சேர்த்து அனுப்புங்கள். யாழ்ப்பாணத்துக்கே அனுப்பலாமே! யாழ்ப்பாணமும் நம் தென்னிந்தியத் திருச்சபையின் ஒரு திருமண்டலம்தான் (பேராயரின் ஆளுகைப் பகுதி). போர் முடிந்த ஊரில் வாலிபர்களைக் கூட்டுவது எப்படி என்று தமிழிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் விட்டிருக்கிறார்கள். இரண்டு பேர் போய் வந்தாலும் உங்கள் லட்சத்தில் மிச்சம் இருக்கும்.

தேரிமணல்:

காசாளர் ஐயா, நோட்டு என் வீட்டு பீரோவில் இருந்தது. நேற்றுக் கொடுத்துவிட்டேன்.

அக்கா, யாழ்ப்பாணம் என்றதும் கமிட்டியில் சிலர் முகம் சுளித்தார்கள். "வெளிநாடு என்றால் இதுவா" என்றார் ஒரு பெரியவர். குருவானவர்தான் திருமண்டல அலுவலகம் மூலம் கடிதம் எழுதலாம் என்று பேச்சை முடித்துவைத்தார்.

அந்தப் பெண்ணிடம் சொன்னபோது அவள் முதலில் கேட்டது, இரண்டு வாரம் தன் 14 பிள்ளைகளுக்கு யார் பாடம் எடுப்பார்கள் என்பதுதான். கிடார் தம்பி பக்கத்தில் நின்றான். தானும் கூடப் போகிறவன் என்பதை மறந்து, "நான் எடுக்கிறேன் அக்கா" என்றுவிட்டான். எல்லோரும் சிரித்தோம். வரும் ஞாயிறு முதல் அவன் அவள் வகுப்பில் கூட உட்காரப் போகிறான். அந்த இரண்டு வாரம் பாடம் எடுக்கப்போவது நான். பாஸ்போர்ட் அவளுக்கு இல்லை, விண்ணப்பித்திருக்கிறோம்.