ஃபுட்பால் மேட்ச்ல ஆன்தம் (தேசிய கீதம்), பிரேயர் போகும்போது நாம எப்படி நிக்கணும்?

ஹெல்மெட்பையன்_அப்பா:

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் சில்லியா தெரியலாம், ஆனா மூணு நாளா மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு, அதான் கேட்டுடலாம்னு வந்துட்டேன். இந்த சம்மர்ல தான் டெக்சாஸ்ல ஒரு சின்ன டவுனுக்கு மாறி வந்தோம். பையன் பதினொண்ணாவது, பப்ளிக் ஸ்கூல், வந்த வேகத்துல ஃபுட்பால் டீம்ல சேர்ந்துட்டான் (நாம கால்ல உதைக்கிற ஃபுட்பால் இல்ல, ஹெல்மெட் மாட்டிக்கிட்டு முட்டி மோதிக்கிறது).

போன வெள்ளிக்கிழமை முதல் ஹோம் கேம். ஊரே அங்க தான் இருந்துச்சு. ஸ்பீக்கர்ல எல்லாரும் எழுந்திரிங்க, தொப்பிய கழட்டுங்கன்னு சொன்னாங்க, எனக்கு அந்த இரைச்சல்ல பாதி தான் காதுல விழுந்துச்சு. உடனே ஒருத்தர் மைக்ல பிரேயர் சொல்ல ஆரம்பிச்சுட்டாரு, இயேசுவின் நாமத்தில்னு முடிச்சாரு, சுத்தி அத்தனை பேரும் தலைய குனிஞ்சு கண்ண மூடி நிக்கிறாங்க, நான் மட்டும் கோயில்ல செருப்போட நுழைஞ்சவன் மாதிரி முழிச்சுக்கிட்டு கைல ஃபோன்ல வீடியோ எடுத்துட்டு நிக்கிறேன். அது முடிஞ்ச கையோட ஆன்தம். பேண்ட் வாசிக்கிறாங்களேன்னு நான் பேண்ட் இருந்த பக்கம் திரும்பி விறைப்பா நின்னேன். அப்புறம் பாத்தா பிளீச்சர்ஸ்ல (படி வரிசை சீட்ல) எல்லாரும் இடது பக்கம் மைதானத்தோட கடைசி ஓரத்துல இருக்கிற கொடிய பாத்து நிக்கிறாங்க. அதாவது எனக்கு பக்கத்துல இருந்த அம்மாவும் நானும் மூக்கோட மூக்கு இடிக்கிற தூரத்துல ஒருத்தரை ஒருத்தர் முறைச்சு பாத்துட்டு நிக்கிறோம். தலைல கேப் வேற. பின்னாடி இருந்த பெரியவர் தோள தட்டி, தொப்பின்னு மெதுவா சொன்னாரு. கோவமா சொல்லல, அது தான் இன்னும் கூச்சமா போச்சு.

வீட்டுக்கு வர்ற வழில பையன், "அப்பா அடுத்த வாட்டி நீங்க வராட்டியும் பரவால்ல"ன்னு சொல்லிட்டான்.

சரி கேள்விக்கு வரேன். நான் இன்னும் எச்1பி (வேலை விசா) தான், சிட்டிசன் கிடையாது. அவங்க ஆன்தமுக்கு நான் நெஞ்சுல கை வைக்கலாமா, வைச்சா நடிப்பு மாதிரி இருக்காதா, வைக்கலன்னா திமிரா தெரியுமா? பிரேயர்ல தலை குனியணுமா? நாங்க இந்து, வீட்ல தினமும் விளக்கேத்துறவங்க, எந்த சாமி மேலயும் வெறுப்பு இல்ல, ஆனா நம்பாத ஒண்ண நம்புற மாதிரி காட்டிக்கிறதும் மரியாதை இல்லன்னு தோணுது. இன்னொண்ணு, மேட்ச் முடிஞ்சதும் ரெண்டு டீம் பசங்களும் நடு மைதானத்துல முட்டி போட்டு வட்டமா உக்காந்து ஜெபம் பண்றாங்க, கோச்சும் கூட நிக்கிறாரு, என் பையனும் அதுல இருக்கான். அவன்கிட்ட இத பத்தி பேசணுமா வேணாமா?

மூணுபசங்க_அம்மா:

தம்பி முதல்ல ஒண்ணு, உங்க பையன் சொன்னத மனசுல வெச்சுக்காதீங்க, பதினாறு வயசுல அப்பா மூச்சு விட்டாலே அவமானம் தான். எங்க வீட்டுக்காரர் ஒரு தடவ ஆன்தம் நடுவுல பாப்கார்னோட படியேறி வந்து பாதி வழில சிலை மாதிரி நின்னாரு, பெரியவன் ஒரு மாசம் பேசல.

நான் நாலு வருஷமா கன்செஷன் ஸ்டாண்டுல (மைதானத்துல தீனி விக்கிற கடைல) நிக்கிறேன், அதனால பாத்து பாத்து தெரிஞ்சத சொல்றேன். தொப்பி கழட்டணும், ஃபோன் பாக்கெட்ல போடணும், கொடி எங்க இருக்குன்னு உள்ள நுழையும்போதே பாத்து வெச்சுக்கணும். ஆன்தம் ஆரம்பிச்சா எங்க இருக்கீங்களோ அங்கயே நின்னுடணும், படியா இருந்தாலும் சரி பாத்ரூம் வாசலா இருந்தாலும் சரி. நாங்க அடுப்புல இருக்கிறத கூட அப்படியே விட்டுட்டு நிப்போம், ரெண்டு நிமிஷத்துல ஒண்ணும் தீஞ்சு போகாது. கைக்குழந்தை அழுதா யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

பிரேயருக்கு நான் கைய முன்னாடி கோத்துக்கிட்டு தரைய பாத்து நிப்பேன். ஆமென் சொல்ல மாட்டேன். இத்தன வருஷத்துல ஒருத்தர் கூட ஏன் சொல்லலன்னு கேட்டது இல்ல. உண்மைய சொன்னா யாரும் உங்கள பாக்கவே இல்ல, எல்லாரும் கண்ண மூடிட்டு தான இருக்காங்க 😄

சட்டப்புத்தகம்:

நான் வக்கீல் இல்ல, ஆர்வத்துல படிக்கிறவன், அந்த அளவுக்கு எடுத்துக்கோங்க.

ஆன்தமுக்கு எப்படி நிக்கணும்னு இங்க ஃபெடரல் சட்டத்துலயே எழுதி வெச்சிருக்காங்க. கொடிய பாத்து நிமிர்ந்து நிக்கணும், வலது கை நெஞ்சு மேல, தொப்பி இருந்தா வலது கையால கழட்டி இடது தோள் பக்கம் பிடிக்கணும், அப்ப கை தானா நெஞ்சு மேல வந்துடும். கொடி இல்லாத இடத்துல மட்டும் தான் சத்தம் வர்ற பக்கம் திரும்பணும். அதனால நீங்க பேண்ட பாத்து நின்னதுக்கும் சட்டத்துல ஒரு இடம் இருக்கு, என்ன, கொடி அங்கயே இருந்துச்சு 😂. இது எல்லாமே வழிகாட்டுதல் தான், மீறினா அபராதமோ கேஸோ கிடையாது.

எச்1பி கேள்விக்கு ஒரு சுவாரசியமான விஷயம். கொடி ஏத்தும்போதும் அணிவகுப்புல கொடி போகும்போதும் எப்படி இருக்கணும்னு தனியா ஒரு பிரிவு இருக்கு, அதுல மற்ற நாட்டு குடிமக்கள் நிமிர்ந்து நின்னா போதும்னு வெளிப்படையாவே போட்டிருக்கு. ஆன்தம் பிரிவுல அந்த வரி இல்ல, ஆனா அந்த எண்ணத்த அப்படியே இங்கயும் எடுத்துக்கலாம். அதாவது ஜன கண மனவுக்கு ஸ்கூல்ல 52 செகண்ட் அட்டென்ஷன்ல நின்னோமே, கை ரெண்டும் பக்கவாட்டுல, அதே மாதிரி நின்னாலே போதும்.

இப்ப பிரேயர். பப்ளிக் ஸ்கூல் ஸ்பீக்கர்ல மேட்சுக்கு முன்னாடி பிரேயர் சொல்றது கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் 2000லயே சொல்லிடுச்சு. அந்த கேஸே உங்க டெக்சாஸ்ல இருந்து தான் போச்சு, கால்வெஸ்டன் பக்கம் சான்டா ஃபேன்னு ஒரு ஊர். மாணவர்களே ஓட்டு போட்டு ஒரு மாணவர தேர்ந்தெடுத்து பிரேயர் சொல்ல வெச்சாங்க, அப்பவும் அது ஸ்கூல் மேடை, ஸ்கூல் மைக், ஸ்கூலோட குரலா தான் கேக்கும்னு 6-3ல தீர்ப்பு. கேஸ் போட்டது நாத்திகர்கள்னு தான் பல பேர் நினைக்கிறாங்க. இல்ல. ஒண்ணு மார்மன் (அமெரிக்கால தோன்றின ஒரு கிறிஸ்தவ பிரிவு) குடும்பம், இன்னொண்ணு கத்தோலிக்க குடும்பம், ரெண்டுமே சாமி கும்பிடுறவங்க. ஊர்ல என்ன ஆகுமோன்னு பேர் வெளிய தெரியாம போட்டாங்க, கோர்ட்டும் அத அனுமதிச்சது. சாமி கும்பிடுறவங்களுக்கே அடுத்தவர் பிரேயர் உறுத்தியிருக்குன்னா உங்களுக்கு உறுத்துறதுல ஒரு தப்பும் இல்ல.

மேட்ச் முடிஞ்ச பின்னாடி முட்டி போடுறது வேற கதை. வாஷிங்டன் மாநிலத்துல பிரெமர்ட்டன்ல ஒரு அசிஸ்டன்ட் கோச், ஜோசப் கென்னடி, 50 யார்ட் லைன்ல (நடு மைதானத்துல) முட்டி போட்டு ஜெபம் பண்ணுவாரு. அது 2022ல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய், அவர் தனிப்பட்ட முறைல ஜெபம் பண்ண உரிமை உண்டுன்னு அதுவும் 6-3ல வந்துச்சு. (2023ல வேலைக்கு திரும்பி ஒரே ஒரு மேட்ச் பண்ணிட்டு ராஜினாமா பண்ணிட்டாரு, இத்தன வருஷ கேஸுக்கு அப்புறம்!) ஆனா பசங்கள வா வான்னு இழுக்கலாம்னு அந்த தீர்ப்பு சொல்லல. உங்க பையன் தானா போறானா, போகலன்னா ஆட விட மாட்டாங்கன்னு பயந்து போறானா, இது ஒண்ண தான் நீங்க கேக்கணும்.

ஊரோட_ஒத்துவாழ்:

இதுக்கு போய் கோர்ட்டு தீர்ப்பு எல்லாம் எதுக்கு சார். பொழைக்க வந்த ஊரு, அவங்க தலைய குனிஞ்சா நாமளும் குனிஞ்சுட்டு போவோம், கழுத்து என்ன சுளுக்கிக்கவா போகுது. வேளாங்கண்ணிக்கு போய் மெழுகுவத்தி ஏத்தாத இந்து யாரு, நாகூர் தர்கால மந்திரிச்சு கயிறு கட்டிக்காதவன் யாரு. நெஞ்சுல கை வைங்க, தலைய குனிங்க, ஆமென் சொல்லுங்க, மேட்ச பாருங்க. ரெண்டாயிரத்துல தீர்ப்பு வந்துச்சுன்னு சின்ன ஊர்ல போய் ஸ்கூல்ல கம்ப்ளெயின்ட் பண்ணா பாதிக்கப்படுறது உங்க பையன் தான், பெஞ்ச்ல உக்கார வெச்சிடுவாங்க.

சட்டப்புத்தகம்:

அண்ணே, கம்ப்ளெயின்ட் பண்ண சொல்லி நான் எங்கயும் சொல்லல, தெரிஞ்சு வெச்சுக்கட்டும்னு தான் எழுதினேன். வேளாங்கண்ணி உதாரணம் இதுக்கு பொருந்தாதுண்ணே. அங்க நாமளா போறோம், நேர்ந்துக்கிட்டு போறோம். இங்க அவர் மேட்ச் பாக்க டிக்கெட் எடுத்து போயிருக்காரு.

அப்புறம் நின்னா மட்டும் மரியாதை ஆகுமா, வாய் அசையணுமான்னு நம்ம ஊர்லயே ஒரு கேஸ் இருக்கு. கேரளால யெகோவா சாட்சிகள் குடும்பத்து பசங்க மூணு பேரு, ஸ்கூல்ல தேசிய கீதம் பாடும்போது எழுந்து நிப்பாங்க ஆனா பாட மாட்டாங்க, அவங்க மதத்துல அப்படி. ஸ்கூல விட்டு நீக்கிட்டாங்க. 1986ல நம்ம சுப்ரீம் கோர்ட், எழுந்து மரியாதையா நின்னாங்க இல்ல, பாடாதது அவமரியாதை இல்லன்னு சொல்லி திரும்ப சேத்துக்க சொல்லிடுச்சு. இங்க அமெரிக்கால அதே யெகோவா சாட்சிகள் பசங்க தான் 1943ல, கொடிக்கு சல்யூட் பண்ண சொல்லி ஸ்கூல் கட்டாயப்படுத்த முடியாதுன்னு தீர்ப்பு வாங்கினாங்க. ரெண்டு நாட்டுக்கும் இந்த பாடத்த நடத்துனது ஒரே சின்ன கூட்டம்.

இன்னொரு ஆள் ஞாபகம் வருது. 1996ல டென்வர் நகெட்ஸ் பாஸ்கெட்பால் டீம்ல ஆடின மஹ்மூத் அப்துல் ரவூஃப், ஆன்தமுக்கு நிக்க மாட்டேன்னு சொன்னதால என்பிஏ (அந்த பாஸ்கெட்பால் லீக்) அவர சஸ்பெண்ட் பண்ணுச்சு. ஒரே மேட்ச் தான், அப்புறம் சமாதானம் ஆச்சு. என்ன சமாதானம்னா, அவர் எழுந்து நிக்கணும், ஆனா தலைய குனிஞ்சு கண்ண மூடி தன்னோட தொழுகைய மனசுக்குள்ள சொல்லிக்கலாம். நீங்க அத அப்படியே திருப்பி போட்டு அவங்க பிரேயருக்கு வெச்சுக்கலாமே. தலை குனியுங்க, உள்ள சொல்றது கந்தர் சஷ்டி கவசமா இருக்கட்டும், யாருக்கு தெரிய போகுது.

ட்ராம்போன்_பொண்ணு:

என் தமிழ் டைப்பிங் சுமாரா தான் இருக்கும் மன்னிக்கணும், நான் இங்கயே வளந்தவ. நான் மார்ச்சிங் பேண்ட்ல நாலு வருஷம் இருந்தேன் அதனால உங்களுக்கு அந்த பக்கத்துல இருந்து சொல்றேன்.

அங்கிள், நீங்க பேண்ட பாத்து நின்னது எனக்கு ரொம்ப பிடிச்சது, நாலு வருஷத்துல ஒருத்தரும் எங்கள பாத்ததே இல்ல 😂 ஆன்தம் வாசிக்கிற நாங்க யாருமே நெஞ்சுல கை வைக்க முடியாது, ரெண்டு கையும் இன்ஸ்ட்ருமென்ட்ல இருக்கும், பேண்ட் தொப்பியும் கழட்ட மாட்டோம் ஏன்னா அது யூனிஃபார்ம். அதனால கை எங்க இருக்குன்னு பாத்து மரியாதைய அளக்குறவங்கள கண்டா எனக்கு சிரிப்பா வரும்.

எங்களுக்கு உண்மைலயே கோவம் வர்றது எதுக்கு தெரியுமா, கடைசி வரிக்கு. பாட்டு இன்னும் முடியவே இல்ல அதுக்குள்ள கத்த ஆரம்பிச்சுடுவாங்க, எங்களுக்கு எங்க சத்தமே கேக்காது, கண்டக்டர் கைய பாத்து குத்துமதிப்பா முடிப்போம். புரோ மேட்ச்ல இது இன்னும் மோசம். பால்டிமோர்ல ஓரியோல்ஸ் பேஸ்பால் டீம் ஃபேன்ஸ் நடுவுல "ஓ"ன்னு ஒரே குரல்ல கத்துவாங்க, டல்லாஸ்ல ஹாக்கி மேட்ச்ல ஸ்டார்ஸ்னு வர்ற இடத்துல டீம் பேர கத்துவாங்க, கேன்சஸ் சிட்டில கடைசி வார்த்தையவே மாத்தி அவங்க ஃபுட்பால் டீம் பேரான சீஃப்ஸ்னு முடிச்சுடுவாங்க. அத யாரும் அவமரியாதைன்னு சொல்றது இல்ல. ஆனா காலின் கேப்பர்னிக்ங்கிற ஃபுட்பால் பிளேயர் 2016ல ஆன்தம் நேரத்துல சத்தமே இல்லாம ஒரு முட்டி போட்டதுக்கு நாடே ரெண்டா பிரிஞ்சு சண்ட போட்டுச்சு. அவர் முதல்ல பெஞ்ச்ல உக்காந்து தான் இருந்தாரு, அப்புறம் ராணுவத்துல இருந்த நேட் பாயர்ங்கிற பிளேயர் அவர்கிட்ட பேசி, உக்கார்றத விட முட்டி போடுறது மரியாதைன்னு சொன்னதால தான் முட்டி போட்டாரு. அந்த பகுதி நிறைய பேருக்கு தெரியாது.

முட்டி போடுற வட்டம் பத்தி. என் தம்பி ஃபுட்பால் ஆடினான். அவனுக்கு அது ஜெபமே இல்ல, ரெண்டு மணி நேரம் முட்டிக்கிட்ட எதிர் டீம் பசங்க கைய பிடிக்கிற ஒரே நேரம் அது தான்னு சொல்லுவான். ஆனா அதே டீம்ல வட்டத்துக்கு வராம ஹெல்மெட்ட கைல வெச்சுக்கிட்டு ஓரமா நின்ன பையனும் இருந்தான், சீசன் முழுக்க ஸ்டார்ட்டர் (மேட்ச் ஆரம்பத்துலயே இறங்கி ஆடுறவன்) தான். எல்லா கோச்சும் அப்படி இருப்பாங்கன்னு சொல்ல வரல. நீங்க பையன்கிட்ட கேக்குறது ஓகே அங்கிள், ஆனா ப்ளீஸ் கார்ல வெச்சு கேளுங்க, சாப்பாட்டு மேசைல உக்கார வெச்சு கேக்காதீங்க, கோர்ட்டு மாதிரி இருக்கும்.

ஹெல்மெட்பையன்_அப்பா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து ரெண்டாவது மேட்ச். அவே கேம் (எதிர் டீம் ஊர்ல), அதனால புது மைதானம், உள்ள போன உடனே அக்கா சொன்ன மாதிரி கொடிய தேடினேன், ஸ்கோர்போர்டுக்கு பக்கத்துல இருந்துச்சு. அந்த ஸ்கூல்ல பிரேயர் இல்ல, அரை நிமிஷம் மௌனம் மட்டும் தான், அதனால கவசத்துக்கு வேலை இல்லாம போச்சு. ஆன்தமுக்கு கைய பக்கவாட்டுல வெச்சு நின்னேன், நெஞ்சுல வைக்கல. எனக்கு அது தான் நேர்மையா பட்டுச்சு. மனைவி வெச்சாங்க, பையனுக்காகன்னு சொன்னாங்க, அதுவும் சரி தான்.

அண்ணே, நீங்க சொன்னதுல கோவம் இல்ல, கம்ப்ளெயின்ட் பண்ற ஐடியா எனக்கும் கிடையாது. ஆனா ஆமென் மட்டும் வாய்ல வராது.

கார்ல தான் கேட்டேன். யாரும் கூப்பிடல, கூப்பிட்டாலும் கட்டாயம் இல்ல, பாதி பசங்க ஷூ லேஸ் கழட்டிட்டு இருப்பாங்கன்னு சொன்னான். அப்ப நீ எதுக்கு முட்டி போடுறன்னு கேட்டேன். "அப்பா, நாலு குவார்ட்டர் ஆடியிருக்கேன், அது தான் உக்கார கிடைக்கிற முதல் சான்ஸ்"ன்னான்.

மேட்ச் 35-7, தோல்வி. அப்புறம் ட்ராம்போன் பொண்ணு, நீ சொன்னதுக்காகவே கடைசி வரி வரும்போது ஓரக்கண்ணால பேண்ட பாத்தேன் மா, கொடிக்கு தெரியாம. சரியா அந்த இடத்துல எங்க பக்கத்து கூட்டம் கத்த ஆரம்பிச்சுது, முன் வரிசைல ட்யூபா வெச்சிருந்த பையன் கண்ண ஒரு உருட்டு உருட்டுனான் பாரு.