பலேர்மோ பால்கனிகள்ல ஈழத்தலரி: செடிக்காகவே ஒரு ஊருக்குப் போன அனுபவம்

மாடித்தோட்டம்:
செப்டம்பர் கடைசில இத்தாலியோட சிசிலி தீவுல இருக்கற பலேர்மோ போயிட்டு வந்தேன். சர்ச், அரண்மனை பத்தியெல்லாம் நிறைய பேர் எழுதிட்டாங்க, நான் செடி மரம் மட்டும் சொல்றேன், நான் போனதே அதுக்குத்தான். மத்தியதரைக்கடல் ஊருன்னா வறண்ட காத்து, ஆலிவ் மரம், லாவெண்டர்னு ஒரு படம் மனசுல இருக்கும்ல, இங்க வேற மாதிரி. மழை என்னவோ குளிர்காலத்துலதான், ஆனா கடலை ஒட்டியே ஊர் இருக்கறதால கோடைல ராத்திரி கூட சட்டை முதுகுல ஒட்டிக்கிற புழுக்கம். ஊருக்குள்ள தண்ணி உறையற அளவு குளிர் வர்றது ரொம்ப அபூர்வம். அதனாலதான் மெக்சிகோ, பிரேசில், ஆஸ்திரேலியா மரமெல்லாம் அங்க வெட்டவெளில நிக்குது.

முதல்ல சொல்ல வேண்டியது ஈழத்தலரி, நர்சரில ப்ளூமேரியான்னு விக்கிறாங்களே அதுதான். அங்க அதுக்குப் பேரு பொமேலியா, ஊரோட பூவே அதுதான். பல்லாரோ மார்க்கெட் பக்கத்து சந்துகள்ல பெயிண்ட் உதிர்ந்த பழைய வீடு, துணி காயுது, அதுக்கு நடுவுல பால்கனி கம்பிக்கு வெளிய வெள்ளையும் மஞ்சளுமா கொத்து கொத்தா பூ. நான் நின்னு அண்ணாந்து பாத்துட்டே இருக்கேன், முதல் மாடில இருந்த ஒரு பாட்டி கையாட்டி கூப்பிட்டாங்க, போன்ல ட்ரான்ஸ்லேட் போட்டுத்தான் பேச்சு. குளிர்காலத்துல என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன், உள்ள போய் ஒரு முட்டை ஓடு எடுத்துட்டு வந்து கிளை நுனில தொப்பி மாதிரி கவுத்துக் காட்டினாங்க. இலையெல்லாம் கொட்டினதும் ஒவ்வொரு நுனிக்கும் பாதி முட்டை ஓடு வச்சிருவாங்களாம், குளிரும் ஆலங்கட்டியும் குருத்துல படாம இருக்க. நுனிக்குருத்து கருகிட்டா அடுத்த வருஷம் அந்தக் கிளைல பூ கிடையாது, அதுக்காக சமையக்கட்டுல மிச்சமானத வச்சு இவ்வளவு பாசமா ஒரு வேலை. எனக்கு அந்த இடத்துலயே கண்ணு கலங்கிடுச்சு.

அப்புறம் பொட்டானிக்கல் கார்டன். 1795-ல திறந்தது. அங்க இருக்கற ராட்சத அத்தி, ஃபைக்கஸ் மேக்ரோஃபில்லா, 1845-ல வச்சது, ஆஸ்திரேலியா பக்கத்து லார்ட் ஹோவ் தீவு வகை. நம்ம ஆலமரம் மாதிரியே விழுது இறக்கி, விழுதே அடிமரமா ஆயிடுது, எது அசல் மரம்னு கண்டுபிடிக்கவே முடியல. பலகை மாதிரி நிக்கற வேர் என் உயரத்துக்கு மேல இருந்துச்சு. ஒரு மரத்தடில மதியம் முழுக்க உக்காந்திருந்தேன்னா நம்புவீங்களா? வட்டமா ஒரு பெரிய குளம், உள்ள 24 பாத்தியா பிரிச்சு தாமரை, அல்லி. இன்னொரு பக்கம் செய்பா ஸ்பெசியோசா வரிசை, நம்ம இலவ மரத்தோட சொந்தம், அடிமரம் பாட்டில் மாதிரி உப்பி மேலெல்லாம் முள்ளு, நான் போனப்ப உச்சி முழுக்க ரோஸ் கலர் பூ. நேரம் இல்லைனா கூட பியாட்சா மரினால இருக்கற கரிபால்டி பூங்காவுக்காவது போயிடுங்க, அங்கயும் இதே அத்தில ஒரு பிரம்மாண்டமான மரம் இருக்கு, டிக்கெட் கூட வேண்டாம்.

பொள்ளாச்சிக்காரன்:
அருமைங்க. நான் மூணாம் வருஷம் பையனோட போயிருந்தேனுங்க. நான் தென்னை வச்சிருக்கறவன், என் கண்ணு பனைவகை மேலதான் போச்சு. கேனரி ஈச்சை மரம் ரோட்டோரமெல்லாம் வச்சு அழகு பாத்த ஊராமுங்க, சிவப்பு கூன்வண்டு 2005 வாக்குல சிசிலிக்குள்ள வந்து ஆயிரக்கணக்குல மரத்தைக் கொன்னுருச்சு. நம்ம தென்னந்தோப்புல மரத்தைத் துளைக்கறானே, அதே வண்டுதானுங்க. புழு உள்ளயே தின்னு முடிச்சு கொண்டை சாயறப்பதான் வெளிய தெரியும், அப்ப ஒண்ணும் பண்ண முடியாது. ஒரு பூங்காவுல தலை இல்லாம நின்ன மரத்தைப் பாத்து மனசே விட்டுப்போச்சு. வித்து, கன்னு, மரம் எதையும் ஒரு நாட்டுல இருந்து இன்னொரு நாட்டுக்குப் பையில போட்டு எடுத்துட்டு வராதீங்கன்னு எல்லாருக்கும் சொல்றேனுங்க.

கடல்காத்து:
நான் பலேர்மோவிலதான் கனகாலமா இருக்கிறன், யாழ்ப்பாணம். எங்கட ஆக்கள் இஞ்ச கனபேர், ஞாயிற்றுக்கிழமைகளில பெல்லெக்ரீனோ மலையில இருக்கிற சாந்தா ரொசாலியா எண்ட கத்தோலிக்கப் புனிதையின்ர குகைக் கோயிலுக்கு நடந்து ஏறுவம், சைவக்காரரும் வருவினம். நீங்கள் அடுத்தமுறை வந்தா அந்த மலைப்பாதையாலயும் ஒருக்கா ஏறுங்கோ, ரெண்டு பக்கமும் நாகதாளி, கீழ கடல் முழுக்கத் தெரியும். கோடையில சந்தையில நீட்டுச் சுரைக்காயும் அதின்ர கொழுந்தும் கட்டுக்கட்டா விக்கும், கொழுந்துக்கு தெனெரூமி எண்டு பேர், இவையள் தக்காளியும் போட்டு பாஸ்தாவோட சூப் வைப்பினம், நாங்கள் தேங்காய்ப்பூ போட்டு வறை செய்வம். பொமேலியா எங்கட வீட்டு பல்கனியிலயும் நிக்குது. பக்கத்து வீட்டு அம்மா தந்த தடி. மகள் கலியாணம் கட்டிப் போகேக்க தாய் ஒரு தடி குடுத்துவிடுறது இஞ்சத்தைய வழக்கம் எண்டு அவதான் சொன்னவ.

மாடித்தோட்டம்:
@கடல்காத்து அண்ணா, அந்தத் தடியை எப்ப நட்டீங்க, வெட்டினதும் உடனேயா? என்கிட்ட இருக்கற ப்ளூமேரியாவுல கிளை எடுக்கணும்.

கடல்காத்து:
உடன நடக்கூடாது தங்கச்சி. வெட்டின இடத்தில பால் வடிஞ்சு காய்ஞ்சு தோல் மாதிரி மூடுமட்டும் நிழலில போட்டு வைக்கோணும், ஒரு கிழமைக்கு மேல வேணும். பேந்து மணல் கூடின மண்ணில ஊண்டி, இலை விடுமட்டும் தண்ணி மட்டா விடுங்கோ, கூட விட்டா அடி அழுகும். இஞ்ச குளிர் விட்டு வெயில் ஏறினாப் பிறகுதான் நடுறவை.