பல் தேய்ச்சதும் கொப்பளிக்கலாமா? எச்சிலில் ஃப்ளூரைடு எவ்வளவு நேரம் நிக்கும்?

கேள்வி (தண்டையார்பேட்டை):
நாலு வயசுப் பொண்ணுக்குக் கடைவாய்ப் பல்லில் சொத்தை. "பேஸ்ட்டைத் துப்பினா போதும், கொப்பளிக்க வேணாம்"னு டாக்டர் சொல்றாங்க. வீட்டுல பெரியவங்க ஒரு சொம்புத் தண்ணி ஊத்திக் கொப்பளிக்கச் சொல்றாங்க. எது சரி? குடிக்கிறது கேன் தண்ணி.

பதில் 1:
டாக்டர் சொன்னதுதான் சரி. சும்மா இருக்கும்போது வாயில் தங்கியிருக்கிற எச்சில் ஏறக்குறைய ஒரு மில்லிதான். அதில் ஃப்ளூரைடு (சொத்தையைத் தடுக்கப் பேஸ்ட்டில் சேர்க்கிற தாது) சுமார் 0.02 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 0.02 பங்கு. 1000 பிபிஎம் பேஸ்ட் அதில் கரைஞ்சதும் பல நூறு மடங்கு எகிறும். அப்புறம் எச்சில் ஊற ஊற, விழுங்க விழுங்க மளமளன்னு இறங்கி, ஒன்றிரண்டு மணி நேரத்தில் பழைய அளவுக்குப் பக்கத்தில் வந்துடும். அதுக்குள்ள கொஞ்சம் பல் மேல கால்சியம் ஃப்ளூரைடாப் படியும். கொஞ்சம் பல் அழுக்கிலயும் கன்னத்தின் உள்பக்கத்திலயும் ஒட்டும். மிட்டாய் தின்னு வாயில் அமிலம் ஏறும்போது இந்தச் சேமிப்பிலிருந்துதான் ஃப்ளூரைடு கசிஞ்சு பல்லின் வெளி ஓடான எனாமலைக் காக்குது. சொம்புத் தண்ணியில கொப்பளிச்சா அந்தச் சேமிப்பு சேர்றதுக்கு முன்னாடியே வாஷ்பேசினுக்குப் போயிடும்.

நுரையை ரெண்டு மூணு தடவை நல்லாத் துப்பச் சொல்லுங்க. பேஸ்ட் காரம்னு அழுதா ஒரே ஒரு சின்ன மடக்குத் தண்ணியில கொப்பளிச்சுத் துப்பட்டும், அவ்வளவுதான். அரை மணி நேரம் எதுவும் குடிக்கக் கூடாது. ராத்திரித் தேய்ப்பை மட்டும் விட்டுடாதீங்க. தூக்கத்தில் எச்சில் ரொம்பக் கம்மியாச் சுரக்கும், அதனால ஃப்ளூரைடு அதிக நேரம் தங்கும்.

பதில் 2:
அளவையும் பாருங்கம்மா. நாலு வயசுக்குப் பட்டாணி அளவு, கால் கிராம். அதில் ஃப்ளூரைடு 0.25 மில்லிகிராம். விளம்பரத்தில் காட்டுற மாதிரி பிரஷ் நீளத்துக்கு இழுத்தா ஒரு கிராம் வரை போகும், நாலு மடங்கு. மூணு வயசுக்குக் கீழன்னா அரிசி அளவுதான். பேஸ்ட்டைப் பிரஷ் மேல நிறுத்தி வைக்காம விரலால இழைக்குள்ள அழுத்தி விடுங்க. இல்லைன்னா முதல் இழுப்பிலயே கட்டியா நழுவி வயித்துக்குள்ள போயிடும். தினமும் விழுங்கினா, தாடைக்குள்ள உருவாகிட்டிருக்கிற நிரந்தரப் பல்லில் வெள்ளைத் திட்டு விழலாம்.

கேள்வி கேட்டவர்:
நன்றிங்க. தர்மபுரிப் பக்கம் ஃப்ளூரைடால பல்லு பழுப்பாகுதே, அந்தப் பயம்தான்.

பதில் 3:
அது நிலத்தடி நீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல ஃப்ளூரைடு இருக்கிற கிணத்துத் தண்ணியைச் சின்ன வயசிலிருந்து குடிக்கிறதால வர்றது. ஆர்ஓ பண்ணின கேன் தண்ணியில் ஃப்ளூரைடு பெரும்பாலும் போயிடும், அதனால உங்க பொண்ணுக்குப் பேஸ்ட்தான் முக்கிய வழி. டியூப் பின்பக்கம் படிங்க: மூலிகைப் பேஸ்ட், பல்பொடி பலதில் ஃப்ளூரைடே கிடையாது. சோடியம் மோனோஃப்ளூரோபாஸ்பேட்னு இருந்தா, எச்சிலிலும் பல் அழுக்கிலும் உள்ள நொதி அதை உடைச்சாத்தான் ஃப்ளூரைடு வெளிய வரும்; ரெண்டு நிமிஷமாவது தேய்க்கணும். சுண்ணாம்பு கலந்த பேஸ்ட் பழசானாலோ வெயிலில் கிடந்தாலோ ஃப்ளூரைடு கால்சியத்தோட கட்டிக்கும், பல்லுக்கு உதவாது. தேதி பார்த்து வாங்குங்க.