எல்லாமே 'நம்பிக்கை' ஆகிவிடுகிறது: சொல் தேவை (வெள்ளிக்குள்)

க. எழுதியது:
வணக்கம். இறுதியாண்டுக் கணினி மாணவர்களின் பணித் தயார்நிலை ஆய்வுக்கு வினாநிரல் தமிழாகிறது. மூலம், மேலாண்மை ஆய்வாளர் லூதன்ஸ் குழுவின் உளமூலதன (வளர்க்கத்தக்க மனவலிமைகளின்) அளவுகோல்: 24 கூற்றுகள், நான்கு கூறுகள், கூறுக்கு ஆறு. ஹோப் (இலக்கை எட்டும் முனைப்பும் வழியும்), எஃபிகசி (தன்னால் முடியும் என்ற உறுதி), ஆப்டிமிசம் (நல்லது நடக்கும் என்ற எதிர்பார்ப்பு) மூன்றுமே 'நம்பிக்கை' என்று வந்து விழுகின்றன. அப்படியே விட்டால் மாணவர் மூன்றுக்கும் ஒரே எண்ணைச் சுழிப்பார். எந்தக் கூற்றுகள் ஒன்றுசேர்கின்றன என்று பார்க்கும் காரணிப் பகுப்பாய்வில் மூன்றும் ஒட்டிக்கொள்ளும். நான்காவதான ரெசிலியன்ஸுக்கு (அடிபட்டும் மீள்வது) 'மீள்திறன்' போதுமா?

இரா. எழுதியது:
'நம்பும் மேவும் நசையாகும்மே' என்பது தொல்காப்பிய உரியியல். நம்புதல் முதலில் விரும்புதல்தான். ஐயமின்மை பின்னால் ஏறிய பொருள். ஆகவே ஹோப் நசையே (விருப்பமே). எஃபிகசிக்குக் குறளின் வலியறிதல் அதிகாரத்துத் 'தன்வலி' இருக்கிறதே, புதிதாக எதற்கு?

செ. எழுதியது:
ஐயா, 'எனக்குத் தன்வலி உண்டு' என்றால் பிள்ளைகள் தைலம் தேடுவார்கள். உளவியலாளர் ஸ்னைடர் சொல்லும் ஹோப்பில் முனைப்பும் வேண்டும், வழி காணலும் வேண்டும். வளாக வேலைத் தேர்வில் ஒரு நிறுவனம் கழித்துவிட்டால் அடுத்து எந்தெந்த வழி என்று சொல்லத் தெரிய வேண்டும். நசை அதில் பாதிகூட இல்லை.

ப. (யாழ்ப்பாணம்) எழுதியது:
எங்கட பௌதிகப் பாடநூலில் மீள்தன்மை என்றால் இழுத்துவிட்ட ரப்பர். தமிழ்நாட்டில் அதையே மீட்சிப்பண்பு என்கிறீர்கள். பொருளறிவியலில் ரெசிலியன்ஸே மீட்சி எல்லைக்குள் சேமிக்கும் ஆற்றல்தான். பொறியியல் மாணவர் அப்படித்தான் வாசிப்பர். பழைய வடிவுக்குத் திரும்பினால் முடிந்தது. லூதன்ஸோ அதைத் தாண்டி வளர்வதையும் சேர்க்கிறார். 'மீண்டெழல்' ஓரளவு தாங்கும்.

இரா. எழுதியது:
குறளில் 'இடுக்கண் அழியாமை' என்று ஓர் அதிகாரமே இருக்க, மீண்டெழலாம்!

செ. எழுதியது:
கூற்றுகளில் மூன்று எதிர்மறையானவை, ஏற்கெனவே மதிப்பெண்ணைத் திருப்பிப் போட (6-ஐ 1 ஆக்க) வேண்டியவை. அவற்றில் ஒன்றை 'அழியாமல் இருப்பது எனக்குக் கடினம்' என்று எழுதிப் பாருங்கள். ஒப்புவதா மறுப்பதா என்று எனக்கே குழம்புகிறது.

மு. எழுதியது:
கூறுகளின் பெயர் விடைத்தாளில் அச்சாவதே இல்லை. மாணவர் பார்ப்பது கூற்றுகளை. அவற்றில் 'நம்பிக்கை'யை அறவே தவிருங்கள்: எஃபிகசி '...என்னால் முடியும்' என்றும், ஹோப் '...வேறு வழி காண்பேன்' என்றும், ஆப்டிமிசம் '...நல்லதை எதிர்பார்க்கிறேன்' என்றும் முடியட்டும். பிறகு ஆங்கில மூலத்தைப் பாராத ஒருவரிடம் மறுபெயர்ப்புக்கு (தமிழிலிருந்து திரும்ப ஆங்கிலமாக்க) கொடுங்கள். வெவ்வேறு கூறுகளின் கூற்றுகள் 'கான்ஃபிடன்ட்' என்றே திரும்பி வந்தால் அந்தக் கூற்றுகளைத் திருத்துங்கள். மூலத்துக்குப் பதிப்புரிமை உண்டு. திருத்தத்துக்கும் அனுமதி கேட்க வேண்டும். இன்னொன்று: விடைப்படிகள் ஆறு, நடுவில் ஒன்றும் கிடையாது. யாராவது அக்கறையோடு 'கருத்தில்லை' சேர்த்து ஏழாக்கிவிடுவார்கள். அப்புறம் பிற ஆய்வுகளோடு எண்களை ஒப்பிட முடியாது.

க. எழுதியது:
நன்றி. அறிக்கைக்கு மட்டும் ஹோப், எஃபிகசி, ரெசிலியன்ஸ், ஆப்டிமிசத்துக்கு முறையே இப்படிப் போடுகிறேன்: எதிர்நோக்கு, தன்திறனுறுதி, மீண்டெழல், நன்னோக்கு. வேறு யாரும் எழுதாததால் பெரும்பான்மை என்று கொள்கிறேன்.

இரா. எழுதியது:
நன்னூல்படி தன், திறன் சேர்ந்தால் 'தன்றிறன்'. தன்வலியை அடிக்குறிப்பிலாவது சேருங்கள்.

செ. எழுதியது:
அடிக்குறிப்புக்கு ஆட்சேபணை இல்லை. தன்றிறனுக்கு உண்டு.